செல்லப் பிராணிகளும் மனித நலமும்

நுழையும்முன்

வீட்டில் வளரும் நாயும் பூனையும் குடும்ப உறுப்பினர்களாகவே கருதப்படுகின்றன. அவற்றோடு கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிரிகள் சிலவும் வீட்டிற்குள் வருகின்றன. அவற்றுள் சில மனிதருக்கு நோய் தரக்கூடியவை. அந்த நோய்கள் எவை, எவ்வழியாக வருகின்றன, அவற்றை எவ்வாறு தவிர்ப்பது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

உறவும் நுண்ணுயிரிகளும்

மனிதன் விலங்குகளைப் பழக்கத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. முதலில் மனிதனோடு சேர்ந்து வாழ வந்தது நாய். வேட்டையில் துணையாகவும் இரவில் காவலாகவும் அது நின்றது. உழவுத் தொழில் வளர்ந்து தானியங்கள் சேர்த்து வைக்கப்பட்டபோது, அவற்றை உண்ண எலிகள் வந்தன. எலிகளைத் தேடிப் பூனை வந்தது. பின்னர் அழகுக்காகவும் இன்பத்திற்காகவும் பறவைகள், மீன்கள், ஆமைகள், முயல்கள் ஆகியனவும் வீடுகளில் இடம்பெற்றன.

ஒவ்வோர் உயிரின் வாயிலும் குடலிலும் தோலிலும் எண்ணற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மனித உடலும் இதற்கு விலக்கன்று. இவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை; சில செரிமானத்திற்கு உதவுபவை. ஆனால், ஓர் உயிரின் உடலில் அமைதியாக வாழும் பாக்டீரியா வேறோர் உயிரின் உடலில் நுழையும்போது நோயை உண்டாக்கலாம். இவ்வாறு விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்கள் விலங்குவழி நோய்கள் எனப்படும்.

நோயைத் தரும் விலங்கு பெரும்பாலும் நோயுற்றதாகத் தோன்றுவதில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. அது நன்றாக உண்ணும், துள்ளி விளையாடும். அதன் நடத்தையில் எவ்வகை மாறுபாடும் இராது. ஆகவே, விலங்கின் தோற்றத்தைக் கண்டு அச்சம் கொள்ளவும் இயலாது. அச்சமின்றி இருக்கவும் இயலாது. நோய் வரும் வழியை அறிந்து அதனை அடைப்பதே அறிவுடைமை.

நோய் வரும் வழிகள்

செல்லப் பிராணிகளிடமிருந்து பாக்டீரியாக்கள் மனித உடலை அடையும் வழிகள் ஐந்து.

முதலாவது, கடி. பல் பதியும்போது வாயிலுள்ள பாக்டீரியாக்கள் தோலுக்கு அடியில் செலுத்தப்படுகின்றன. இரண்டாவது, கீறல். நகத்தில் ஒட்டியிருக்கும் அழுக்கு அக்கீறலின் வழியாக உள்ளே செல்கிறது. மூன்றாவது, நக்குதல். நலமான தோலை நாய் நக்குவதால் பெரும் தீங்கில்லை. ஆறாத புண்ணையோ வாயையோ கண்ணையோ நக்கினால் தீங்கு நேரலாம். நான்காவது, கழிவு. விலங்கின் சாணம், சிறுநீர் ஆகியவற்றைத் தொட்ட கை கழுவப்படாமல் வாய்க்குச் செல்லும்போது நோய் வருகிறது. ஐந்தாவது, மூச்சு. உலர்ந்த எச்சம் தூளாகிக் காற்றில் கலக்கும்போது அது நுரையீரலை அடைகிறது.

இந்த ஐந்து வழிகளுக்கும் உரிய நோய்கள் வெவ்வேறானவை. அவற்றுள் முதன்மையான சிலவற்றைக் காண்போம்.

பூனைக் கீறல் நோய்

பூனைக்குட்டியோடு விளையாடும் குழந்தையின் கையில் மெல்லிய கீறல் விழுவது இயல்பு. ஒரு வாரம் கழித்து அவ்விடத்தில் சிறு கொப்புளம் தோன்றுகிறது. அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. மேலும் இரண்டொரு வாரங்களில் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டுகிறது. இலேசான காய்ச்சல், தலைவலி, சோர்வு ஆகியவையும் வரலாம். இதுவே பூனைக் கீறல் நோய். இது குழந்தைகளிடமும் இளையோரிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது.

நெறி கட்டுதல் என்று மக்கள் கூறுவது நிணநீர்க்கணுவின் வீக்கத்தையே ஆகும். உடலுக்குள் நுழையும் கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் காவல்நிலையங்கள் போன்றவை நிணநீர்க்கணுக்கள். கையில் நுழைந்த கிருமியை அக்குளிலுள்ள கணு எதிர்கொள்ளும்போது அது வீங்குகிறது.

இந்நோயை 1950ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் குழந்தை மருத்துவர் இராபர்ட் தெப்ரே விளக்கி எழுதினார். ஆனால், இதற்குக் காரணமான கிருமி எது என்பது நெடுங்காலம் புலப்படவில்லை. 1983ஆம் ஆண்டில் நோயாளிகளின் நிணநீர்க்கணுக்களில் மிகச் சிறிய பாக்டீரியாக்கள் இருப்பது நுண்ணோக்கியில் காணப்பட்டது. அதன்பின் ஒரு பாக்டீரியாவே காரணம் எனத் தவறாகக் கருதப்பட்டு, பின்னர் அக்கருத்து கைவிடப்பட்டது. 1992ஆம் ஆண்டில்தான் உண்மையான கிருமி அடையாளம் காணப்பட்டது. அதற்கு இன்று வழங்கும் பெயர் பார்ட்டோனெல்லா ஹென்செலே. இப்பெயரின் முதற்பகுதி பெரு நாட்டு அறிவியலாளர் ஆல்பர்ட்டோ பார்ட்டனைக் குறிக்கிறது. பிற்பகுதி, அமெரிக்காவின் ஒக்லஹோமா நகர மருத்துவமனை ஆய்வகத்தில் இக்கிருமியைப் பலமுறை பிரித்தெடுத்த ஆய்வக வல்லுநர் டயான் ஹென்செலைக் குறிக்கிறது. ஆய்வகத்தில் பொறுமையோடு பணியாற்றிய ஒருவரின் உழைப்பு, ஒரு கிருமியின் பெயரில் நிலைபெற்றுள்ளது.

இக்கிருமி பூனையின் இரத்தத்தில் பல மாதங்கள் தங்கியிருக்கும். பூனைக்கு வெளிப்படையான நோய் எதுவும் வருவதில்லை. ஒரு பூனையிடமிருந்து மற்றொரு பூனைக்கு இதனைக் கொண்டு செல்வது தெள்ளுப்பூச்சி. தெள்ளுப்பூச்சியின் கழிவு பூனையின் மயிரில் படிகிறது. பூனை உடலைச் சொறியும்போது அக்கழிவு நகங்களில் ஏறுகிறது. அந்த நகம் மனிதத் தோலைக் கீறும்போது கிருமி உள்ளே நுழைகிறது. எனவே, பூனைக் கீறல் நோயைத் தடுக்கும் சிறந்த வழி பூனையை விரட்டுவதன்று. பூனையின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியை ஒழிப்பதே ஆகும்.

நலமான உடலுடையோருக்கு இந்நோய் பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அரிதாக, குறிப்பாக நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கு, இது கல்லீரல், கண், இதயம் முதலிய உறுப்புகளைத் தாக்கக்கூடும். இந்நோய் ஒரு மனிதரிடமிருந்து மற்றொரு மனிதருக்குத் தொற்றுவதில்லை.

கடியும் வாயிலுள்ள கிருமிகளும்

நாய்க்கடி பார்ப்பதற்குக் கொடியது. நாயின் பற்கள் தடித்தவை, அவை தசையைக் கிழிக்கின்றன, குருதி பெருகுகிறது. பூனைக்கடி சிறிய ஊசித்துளை போலத் தோன்றும். இதனால் பலரும் நாய்க்கடியை அஞ்சிப் பூனைக்கடியை அலட்சியம் செய்கின்றனர். கிருமித்தொற்றைப் பொறுத்தவரை உண்மை இதற்கு மாறானது. பூனையின் பற்கள் கூர்மையும் நுண்மையும் உடையவை. அவை ஆழமாகச் சென்று, மூட்டையும் தசைநாணையும்கூட எட்டிவிடுகின்றன. மேலே துளை மூடிக்கொள்கிறது. உள்ளே கிருமிகள் சிறைப்பட்டுப் பெருகுகின்றன. கழுவும் நீரும் அவ்வளவு ஆழத்திற்குச் செல்வதில்லை. ஆகையால், பூனைக்கடிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தொற்று ஏற்படுகிறது. நாய்க்கடியில் இவ்விகிதம் இதனினும் குறைவு.

இத்தகைய தொற்றுகளில் முதன்மையாகக் காணப்படும் பாக்டீரியா பாஸ்டுரெல்லா மல்டோசிடா. இது பெரும்பாலான பூனைகளின் வாயிலும் பல நாய்களின் வாயிலும் இயல்பாக வாழ்கிறது. கடிபட்ட 24 மணி நேரத்திற்குள்ளாகவே அவ்விடம் சிவந்து, வீங்கி, கடுமையாக வலிக்கத் தொடங்கும். இவ்வளவு விரைவாக வீங்குவதே இக்கிருமியின் அடையாளம்.

இக்கிருமியின் பெயர் பிரெஞ்சு அறிவியலறிஞர் லூயி பாஸ்டரை நினைவூட்டுகிறது. கோழிகளுக்கு வரும் கோழிக் காலரா என்னும் நோய்க்கும் இதுவே காரணம். 1880ஆம் ஆண்டளவில் பாஸ்டர் இந்நோயை ஆராய்ந்தார். நெடுநாள் வைக்கப்பட்டு வலுவிழந்த கிருமிகளைக் கோழிகளுக்குச் செலுத்தியபோது அவை இறக்கவில்லை. பின்னர் வலிய கிருமிகளைச் செலுத்தியபோதும் அவை பிழைத்தன. வலுவிழந்த கிருமியைக் கொண்டே நோயைத் தடுக்கலாம் என்னும் உண்மை இவ்வாறு புலப்பட்டது. ஆய்வகத்தில் உருவாக்கப்படும் தடுப்பூசிகளுக்கு இதுவே வழிகாட்டியது.

நாயின் வாயில் வாழும் மற்றொரு பாக்டீரியா கேப்னோசைட்டோபேகா கேனிமோர்சஸ். 1976ஆம் ஆண்டில் முதன்முதலாக அறியப்பட்ட இதற்கு 1989ஆம் ஆண்டில் இப்பெயர் சூட்டப்பட்டது. கேனிமோர்சஸ் என்பதற்கு இலத்தீன் மொழியில் நாய்க்கடி என்பது பொருள். இதனால் நோயுறுவோர் மிகச் சிலரே. ஆனால், மண்ணீரல் அகற்றப்பட்டவர், மதுப்பழக்கத்தால் கல்லீரல் பழுதுற்றவர், எதிர்ப்பாற்றல் குன்றியவர் ஆகியோருக்கு இது இரத்தத்தில் பரவி உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். குருதியில் புகும் பாக்டீரியாக்களை வடிகட்டும் உறுப்புகளுள் மண்ணீரல் முதன்மையானது. அது இல்லாதபோது சிறு கடியும் பெருந்தீங்காகிறது. ஒரே நாய், ஒரே கடி. ஆயினும் கடிபட்டவரின் உடல்நிலைக்கு ஏற்ப விளைவு வேறுபடுகிறது.

எலிக்காய்ச்சல்

மழைக்காலம் தொடங்கியதும் கேரளம், மகாராட்டிரம், குசராத்து, அந்தமான் ஆகிய பகுதிகளில் நலத்துறையினர் ஒரு நோயைப் பற்றி மக்களை எச்சரிக்கின்றனர். அதுவே எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்னும் சுருள்வடிவப் பாக்டீரியா இதற்குக் காரணம். 1886ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் அடால்ஃப் வைல் இந்நோயின் கடுமையான வடிவத்தை விளக்கினார். 1915ஆம் ஆண்டளவில் சப்பானிய மருத்துவர்கள் இனாதா, இதோ ஆகியோர் கிருமியைக் கண்டறிந்தனர்.

பெயரில் எலி இருப்பினும், இந்நோய் எலியோடு நின்றுவிடுவதில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரைக் குடிக்கும் நாய்க்கும் மாட்டிற்கும் இக்கிருமி தொற்றுகிறது. தொற்றுற்ற நாயின் சிறுநீரகத்தில் தங்கி, அதன் சிறுநீர் வழியாகப் பல வாரங்கள் வெளிப்படுகிறது. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் இது நெடுநாள் உயிர்வாழும். காலில் வெடிப்போ புண்ணோ உள்ளவர் அந்நீரில் இறங்கும்போது கிருமி உடலுக்குள் நுழைகிறது.

திடீர்க் காய்ச்சல், தாங்க இயலாத தசைவலி, குறிப்பாகக் கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். கவனியாது விட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் குருதிக்கசிவு ஆகியவை நேரலாம். அந்தமான் தீவுகளில் மக்களை வாட்டிய, காரணம் அறியப்படாத குருதிக்கசிவுக் காய்ச்சல் ஒன்று எலிக்காய்ச்சலே என்பது 1990களில் ஆய்வால் தெளிவானது. 2005ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மும்பை வெள்ளத்தில் மூழ்கியபோதும், 2018ஆம் ஆண்டில் கேரளம் வெள்ளத்தால் சூழப்பட்டபோதும் இந்நோய் பரவியது. கேரளத்தில் மீட்புப் பணியாளருக்கும் வெள்ளநீரில் நின்றோருக்கும் முன்னெச்சரிக்கையாக டாக்சிசைக்கிளின் மாத்திரைகள் வழங்கப்பட்டன.

நாய் வளர்ப்போர் இந்நோயைத் தடுப்பதில் பங்கு கொள்ள முடியும். நாய்களுக்கு ஆண்டுதோறும் போடப்படும் கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பும் அடங்கியுள்ளது. நாயின் உணவை இரவு முழுவதும் திறந்து வைத்தால் எலிகள் வரும். எலிகள் வந்தால் கிருமியும் வரும். எஞ்சிய உணவை அகற்றுவதும், நாய் சிறுநீர் கழித்த தரையைக் கிருமிநாசினியிட்டுக் கழுவுவதும் எளிய, ஆனால் இன்றியமையாத பழக்கங்கள்.

கூண்டும் தொட்டியும்

பறவைகளிடமிருந்து வரும் நோய்களுள் குறிப்பிடத்தக்கது கிளிக்காய்ச்சல். கிளமிடியா சிட்டாசி என்னும் பாக்டீரியா இதனை உண்டாக்குகிறது. கிளியின் உலர்ந்த எச்சமும் இறகுத் தூசும் காற்றில் பறக்கும்போது, அதனை மூச்சில் இழுப்பவருக்குக் காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல், நுரையீரல் அழற்சி ஆகியவை வருகின்றன. 1929ஆம் ஆண்டின் இறுதியிலும் 1930ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், தென் அமெரிக்காவிலிருந்து விற்பனைக்கு அனுப்பப்பட்ட கிளிகளின் வழியாக இந்நோய் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. அன்பளிப்பாக வாங்கிய கிளியே வீட்டிற்குள் நோயைக் கொண்டு சென்றது. அக்காலத்தில் இதற்கு மருந்து இல்லை. இன்று தக்க மருந்தால் இதனைக் குணப்படுத்தலாம்.

இந்தியாவில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி நம் நாட்டுப் பச்சைக்கிளிகளைப் பிடிப்பதும் கூண்டில் அடைத்து வளர்ப்பதும் குற்றமாகும். நட்சத்திர ஆமைக்கும் இச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. காட்டுயிர் காட்டிலேயே இருப்பது அதற்கும் நலம், மனிதருக்கும் நலம்.

ஆமைகளின் குடலிலும் தோலிலும் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா வாழ்கிறது. இது வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும். அமெரிக்காவில் குழந்தைகள் சிறிய ஆமைகளைக் கையில் வைத்து விளையாடியும் வாயில் வைத்தும் நோயுற்றனர். அதனால், ஏறத்தாழ 10 சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளமுடைய ஓடு கொண்ட ஆமைகளை விற்பதை 1975ஆம் ஆண்டில் அந்நாடு தடைசெய்தது. நாய்க்குட்டிகளின் சாணத்தில் காணப்படும் கேம்பைலோபேக்டர் என்னும் பாக்டீரியாவும் இவ்வாறே வயிற்றுப்போக்கைத் தருவது.

மீன்தொட்டியும் இதற்கு விலக்கன்று. தொட்டி நீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் பாக்டீரியா, கையில் வெட்டுக்காயம் உள்ளவர் வெறுங்கையால் தொட்டியைத் துலக்கும்போது உள்ளே நுழைந்து, பல மாதங்கள் ஆறாத கட்டிகளை உண்டாக்கலாம். கையுறை அணிந்து தொட்டியைத் துலக்கினால் இத்தொல்லை இல்லை.

கடித்தால், கீறினால்

விலங்கு கடித்தாலும் கீறினாலும் முதலில் செய்ய வேண்டியது காயத்தைக் கழுவுவதே. ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவ வேண்டும். இது பாக்டீரியாக்களையும் பிற கிருமிகளையும் பேரளவில் அகற்றுகிறது. காயத்தின்மீது மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், எண்ணெய் முதலியவற்றைத் தடவும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. இவை காயத்தைப் புண்படுத்துவதோடு, கிருமிகளை உள்ளேயே நிறுத்திவிடுகின்றன. ஆகையால், அவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

கழுவியபின் காலம் தாழ்த்தாது மருத்துவரை அணுக வேண்டும். வெறிநாய்க்கடி நோய் எனப்படும் ரேபிஸ் பாக்டீரியாவால் வருவதன்று. அது வைரசால் வருவது. ஆயினும், ஒரே கடியில் இரண்டும் நுழையக்கூடும். ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. உரிய காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அதனைத் தடுக்கலாம். வீட்டு நாய்தானே, வீட்டுப் பூனைதானே என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. ரேபிஸ் தடுப்பூசி வேண்டுமா, ரணஜன்னித் தடுப்பூசி வேண்டுமா, பாக்டீரியாவுக்கு எதிரான மருந்து வேண்டுமா என்பனவற்றை மருத்துவரே முடிவு செய்வார்.

மறைத்தலால் வரும் தீங்கு

கீறலைவிடக் கொடியது, கீறலை மறைப்பது. குழந்தைகள் பலர் தம் காயத்தைப் பெற்றோரிடம் சொல்வதில்லை. தாம் திட்டப்படுவோம் என்பது ஓர் அச்சம். ஊசி போடுவார்கள் என்பது மற்றோர் அச்சம். இவ்விரண்டினும் பெரியது, தாம் அன்போடு வளர்க்கும் பூனைக்குட்டியை வீட்டைவிட்டு அகற்றிவிடுவார்கள் என்னும் அச்சம். இதனால், சட்டைக் கைக்குள் மறைக்கப்பட்ட கீறல் மூன்று வாரங்களுக்குப் பின் கழுத்தில் கட்டிய நெறியாக வெளிப்படுகிறது.

அப்போது மருத்துவர் பலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நெறி கட்டுவதற்குக் காரணங்கள் பல. நம் நாட்டில் நிணநீர்க்கணுவைத் தாக்கும் காசநோய் மிகுதியாதலால், அதற்குரிய ஆய்வுகள் செய்யப்படுகின்றன. குருதி எடுக்கப்படுகிறது, ஊசியால் கணுவிலிருந்து சதைத்துணுக்கு எடுத்து ஆராயப்படுகிறது. குடும்பம் முழுவதும் கவலையில் ஆழ்கிறது. பூனைக்குட்டி கீறியது என்னும் ஒரு வாக்கியம் முன்னரே சொல்லப்பட்டிருந்தால், மருத்துவரின் தேடல் சரியான திசையில் தொடங்கியிருக்கும். மருத்துவமனைக்குச் செல்லும் எவரும், வீட்டில் எந்த விலங்கு உள்ளது, அது கடித்ததா, கீறியதா, எப்போது என்பனவற்றைக் கேட்கப்படாமலே கூறுவது நன்று.

இதில் பெரியோருக்கும் பொறுப்பு உண்டு. காயத்தைக் காட்டிய குழந்தையைக் கடிந்துகொண்டால், அடுத்த காயம் மறைக்கப்படும். பூனையை அடித்து விரட்டினால், உண்மை சொன்னதற்குக் கிடைத்த தண்டனையாகவே அதனைக் குழந்தை கருதும். கேட்டு, கழுவி, மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே பெற்றோர் செய்யத்தக்கது. நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டும் நிலைக்கு விடலாகாது என்பது பழமொழி. கீறல் நாளன்றே சொல்லப்படும் சொல் அத்தகைய நகக்கிள்ளலே ஆகும்.

மருந்து உண்பதிலும் ஒழுங்கு வேண்டும். பாக்டீரியாக்களை அழிக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளைத் தாமே வாங்கி உண்பதும், இரண்டு நாளில் வலி குறைந்ததும் நிறுத்திவிடுவதும் தவறு. இவ்வாறு செய்தால், பிழைத்த பாக்டீரியாக்கள் அம்மருந்தை எதிர்க்கும் ஆற்றலைப் பெறுகின்றன. இந்தியாவில் இத்தகைய மருந்துகளின் அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு அச்சிடப்பட்டிருக்கும். மருத்துவரின் சீட்டு இன்றி இதனை வாங்கலாகாது என்பதே அக்கோட்டின் பொருள். நாய்க்குக் கொடுத்த மருந்தை மனிதர் உண்பதும், மனிதருடைய மருந்தை நாய்க்குக் கொடுப்பதும் அறவே கூடா.

வருமுன் காத்தல்

செல்லப் பிராணிகளோடு நலமாக வாழக் கடைப்பிடிக்க வேண்டியவை கடினமானவை அல்ல. விலங்கைத் தொட்ட பின்னரும், அதன் தட்டையும் கூண்டையும் தூய்மை செய்த பின்னரும் சோப்பிட்டுக் கை கழுவுதல் முதற்கடமை. கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்று உரிய காலத்தில் தடுப்பூசி போடுதல், குடற்புழு நீக்குதல், தெள்ளுப்பூச்சியையும் உண்ணியையும் ஒழித்தல், நகம் வெட்டுதல் ஆகியவை விலங்கிற்குச் செய்ய வேண்டியவை. விலங்கிற்கெனத் தனித் தட்டும் படுக்கையும் இருத்தல் வேண்டும். அதன் தட்டையும் மீன்தொட்டியையும் சமையலறையில் கழுவுதல் கூடாது. பறவைக் கூண்டைத் துலக்கும் முன்னர்த் தண்ணீர் தெளித்து ஈரமாக்கினால் தூசு பறக்காது.

விளையாட்டிலும் வரைமுறை வேண்டும். கையை ஆட்டிப் பூனைக்குட்டியைக் கடிக்கத் தூண்டுவது நல்ல விளையாட்டன்று. கையே இரை என்று அது கற்றுக்கொள்ளும். நூல்பந்தைக் கொண்டு விளையாடலாம். உண்ணும் நாயையும் உறங்கும் பூனையையும் குட்டி ஈன்ற விலங்கையும் தொந்தரவு செய்யலாகாது. காயத்தையும் முகத்தையும் நக்க இடம் தரலாகாது. ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தைகள், முதியோர், கருவுற்ற தாய்மார், எதிர்ப்பாற்றல் குன்றியோர் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. அத்தகைய வீடுகளில் ஆமை போன்ற ஊர்வனவற்றை வளர்க்காதிருத்தலே நலம்.

1885ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் சோசப் மெய்ஸ்டருக்கு லூயி பாஸ்டர் தம் தடுப்பூசியைச் செலுத்தத் தொடங்கினார், சிறுவன் பிழைத்தான். அதன் நினைவாக அந்நாள் ஆண்டுதோறும் உலக விலங்குவழி நோய்கள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கடிபட்ட சிறுவனை அவனுடைய தாய் உடனே மருத்துவ உதவி தேடி அழைத்துச் சென்றதனாலேயே அவன் உயிர் காக்கப்பட்டது.

விலங்கு தன்னிடம் கிருமி இருப்பதை அறியாது; அறிந்து காத்துக்கொள்ளும் ஆற்றல் மனிதருக்கே உண்டு. கழுவிய கையும் மறைக்காத வாயும் இருக்குமாயின், வீட்டு வாயிலில் வாலாட்டி நிற்கும் நாயோடும் மடியில் உறங்கும் பூனையோடும் அச்சமின்றி வாழலாம்.

சொல்லும் பொருளும்

அக்குள் – தோளும் கையும் சேரும் இடத்தின் அடிப்பகுதி
நெறி கட்டுதல் – நிணநீர்க்கணு வீங்குதல்
தெள்ளுப்பூச்சி – விலங்கின் மயிரில் வாழ்ந்து குருதி உறிஞ்சும் சிறு பூச்சி
எச்சம் – பறவையின் கழிவு
ஊறு – தீங்கு
வாளாவிருத்தல் – எதுவும் செய்யாதிருத்தல்

மதிப்பீடு

குறுவினா
1. விலங்குவழி நோய்கள் என்றால் என்ன?
2. கேனிமோர்சஸ் என்னும் சொல்லின் பொருள் யாது?
3. மருந்து அட்டையிலுள்ள சிவப்புக் கோடு எதனை உணர்த்துகிறது?

சிறுவினா
1. பூனைக்கடியில் தொற்று மிகுதியாக ஏற்படுவதற்குரிய காரணங்களை எழுதுக.
2. பூனைக் கீறல் நோய் பரவுவதில் தெள்ளுப்பூச்சியின் பங்கு யாது?
3. எலிக்காய்ச்சலைத் தடுக்க நாய் வளர்ப்போர் செய்ய வேண்டியவை யாவை?

நெடுவினா
கீறலைவிடக் கொடியது, கீறலை மறைப்பது – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

கற்பவை கற்றபின்
உன் வகுப்பில் செல்லப் பிராணி வளர்க்கும் மாணவர்களிடம் பேசி, அவர்கள் கடைப்பிடிக்கும் தூய்மைப் பழக்கங்களைத் தொகுத்து ஒரு பக்க அளவில் எழுதுக.